தொடக்கூடாத பாதி

"என் சம்பளம் மொத்தத்தையும் நீங்களே பிடிச்சுக்கிடுங்க. ஒரு பைசா பேங்குக்குப் போகக் கூடாது."

பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் அக்கா என் மேசைக்கு எதிரே நின்று இப்படிச் சொன்னார். நான் கணினியில் இருந்து கையை எடுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

கொச்சி சுள்ளிக்கல்லில் உள்ள ஒரு ரஸ்க் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லி வருபவர்கள் எனக்குப் பழக்கம். ஊரில் கோயில் கொடை, பிள்ளைக்குக் காய்ச்சல், ஓணத்துக்குத் துணி என்று மாதம் தவறாமல் யாராவது வந்து, இந்த ஒரு மாதம் மட்டும் அட்வான்ஸைப் பிடிக்க வேண்டாம் என்பார்கள். கூட்டிப் பிடிக்கச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான்.

"என்ன அக்கா, சோறு வேண்டாமா?"

"சோத்தை நான் பாத்துக்கிடுதேன். வீடு போயிரும் போல இருக்கு பாப்பா. நீ பிடி."

அவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளோடு மட்டாஞ்சேரியில் ஒரு அறையில் குடியிருந்தார். அந்த அறைக்கு முன்பணம் கொடுக்கத்தான் கம்பெனியில் கடன் வாங்கியிருந்தார். மாதாமாதம் அதற்கு ஒரு தவணையைப் பிடிப்போம். முழுச் சம்பளத்தையும் பிடித்தால் வீடு எப்படித் தங்கும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பதில் கைவசம் இருந்ததால் முதலில் அதைச் சொன்னேன்.

"பாதிக்கு மேல பிடிக்க முடியாது அக்கா. சட்டம் அப்படி. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கடன் எல்லாம் சேர்த்துத்தான் பாதி. மீதியை நாங்க தொடக் கூடாது."

"யாரு போட்ட சட்டம்?"

"கவர்மென்ட்."

"அப்ப அந்தக் கவர்மென்ட்டையே வந்து என் வாடகையைக் கட்டச் சொல்லு."

இடைவேளை முடிந்த மணி அடித்தது. தலையில் வலைத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிடித்தம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு மரியாதை உண்டு. வாப்பா கடையநல்லூரில் இருந்து வந்து, தோப்பும்படி, சுள்ளிக்கல் சந்துகளில் லுங்கியும் நைட்டியும் தவணைக்கு விற்பவர். உம்மா பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். அதுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. கூலி உண்டு, லாபம் உண்டு, நஷ்டம் உண்டு. பிடித்தம் மட்டும் இல்லை. நான் மலையாளத்தில் படித்து, பி.காம். முடித்து, தமிழ் எழுத்தைப் பின்னால் நானே கற்றுக்கொண்டவள். என் முதல் சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று ஒரு தொகை குறைந்திருப்பதைப் பார்த்த உம்மா, பக்கத்து வீட்டில் போய், "எம் மக சம்பளத்துல பிடிக்கிறாங்களாம்" என்று கல்யாணச் செய்தி போலச் சொல்லிவிட்டு வந்தார். பிடிக்கிற அளவுக்கு இருக்கிறது என்பதுதான் அவருக்குப் பெருமை. எனக்கும்தான். அதனால் பிடித்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இருப்பதை என்னால் சும்மா விட முடியவில்லை.

மேனேஜர் மலையாளி. என்னோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு சம்மதக் கடிதம் எழுதி வாங்கிக்கோ. அவருக்கு சம்மதமெங்கில் நமக்கெந்தா?" என்றார். எனக்கும் முதலில் அது நியாயமாகத்தான் பட்டது. தன் பணத்தைத் தானே பிடிக்கச் சொல்பவரை ஏன் தடுக்க வேண்டும்?

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து போனிலேயே சட்டத்தைத் தேடிப் படித்தேன். கடிதம் செல்லாது என்று தெரிந்தது. சட்டப்படி தனக்குச் சேர வேண்டிய சம்பளத்தை வேண்டாமென்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. உரிமை என்றால் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். விட முடியாத உரிமை ஒன்று இருப்பது எனக்குப் புதிதாக இருந்தது. யோசித்தால் காரணம் விளங்கியது. கடிதத்தை ஏற்கலாம் என்று வைத்துவிட்டால், வேலைக்குச் சேரும் நாளிலேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

தேடத் தேட இன்னும் கிடைத்தது. பழைய சட்டத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் இருந்தால் மட்டும் முக்கால் பங்கு வரை பிடிக்கலாம் என்று இருந்திருக்கிறது. சங்கத்துக்கு மட்டும் ஏன் அந்தக் கால் பங்குச் சலுகை? தொழிலாளியே அதில் உறுப்பினர் என்பதாலா? யாரும் விளக்கவில்லை. புதிய சட்டத்தில் அதையும் எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பாதி என்று ஆக்கிவிட்டார்கள். நீதிமன்றம் கூட, சாதாரணக் கடனுக்காக ஒருவரின் சம்பளத்தை ஜப்தி செய்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுக்க முடியும். நீதிபதியாலேயே தொட முடியாத ஒன்றை இந்த அக்கா என்னைத் தொடச் சொல்கிறார். ஏன்?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பெண்கள் உட்காரும் பின்பக்கத்துக்குப் போனேன். உடைந்த ரஸ்க் எங்களுக்கு இலவசம். ஒரு தட்டு நிறைய வைத்துச் சாயாவில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆபீஸ்காரிக்குக் கொடுக்காதீங்கடி," என்றாள் ஒருத்தி. "தின்னுட்டு நம்ம கணக்குல பிடிச்சிருவா."

"பாதி ரஸ்க்குதான் பிடிப்பா. சட்டம் இருக்குல்லா," என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டில் இருந்து இரண்டு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்பச் சொல்லுங்க. பிடிச்சா வீடு எப்படித் தங்கும்?"

அவர் சொன்னார். போன கோடையில் ஒரு ஃப்ரீசர் வாங்கியிருக்கிறார். கடையிலேயே கடன் போட்டுக் கொடுத்தார்கள். சிப்பப் செய்து, வாசலில் வைத்துப் பிள்ளைகளுக்கு விற்க. பிளாஸ்டிக் குழாயில் இனிப்புத் தண்ணீரை உறைய வைத்த ஐஸ் அது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது.

"பெறவு மழை வந்துட்டு. மட்டாஞ்சேரி மழையில எவன் சிப்பப் திம்பான்? வாசல்ல முட்டளவு தண்ணி."

தவணை நின்றது. அந்தக் கடன்காரர்களே போனில் கூப்பிட்டு, பழையதை அடைக்க இன்னொரு கடன் தந்தார்கள். இப்போது இரண்டு தவணை. கட்டத் தவறியதற்கு அபராதம் வேறு. சம்பளம் மாலையில், பேங்க் மூடிய பிறகு கணக்கில் விழும்; ஏ.டி.எம். கார்டு அவரிடம் கிடையாது. காலையில் எழுந்து பார்த்தால் கணக்கில் எதுவும் இருக்காது. விடிவதற்குள் தவணை தானாகப் போயிருக்கும். இரண்டு மாதமாக இப்படித்தான். இரண்டு மாதமாக வாடகையும் பாக்கி. இந்த மாதமும் தராவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா, எல்லோரும் இத்தா என்று கூப்பிடுபவர், சொல்லிவிட்டாராம். வேறொரு குடும்பம் வந்து அறையைப் பார்த்துவிட்டும் போயிருக்கிறது.

"அதான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன்," என்றார் குரலைத் தாழ்த்தி. "என் சம்பளம் மொத்தத்தையும் நீங்க கடனுக்குன்னு பிடிச்சுக்கிடுங்க. பேங்குக்கு ஒண்ணும் போகாது. அவன் வந்து தடவிப் பாத்துட்டுப் போவான். ரெண்டு நாள் கழிச்சு, புது அட்வான்ஸுன்னு எழுதி எங்கையில ரொக்கமாக் குடுங்க."

நான் சாயாவைக் கீழே வைத்தேன். பிடித்தத்தை ஒருவர் ஒளியும் இடமாக நினைக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் அது நடக்காது. பாதிக்கு மேல் நாங்கள் பிடிக்க முடியாது என்பது ஒன்று. பிடித்த பின் புது அட்வான்ஸ் தருவதும் தராததும் முதலாளி இஷ்டம். பிடித்ததோடு அவர் நிறுத்திக்கொண்டால் இவர் என்ன செய்வார்? அதைச் சொன்னேன்.

"முதலாளி அப்படிச் செய்ய மாட்டாருல்லா?"

"செய்ய மாட்டாருன்னு எழுதித் தருவாரா?"

அவர் ரஸ்க்கைச் சாயாவில் முக்கினார்.

எனக்கு வேறொன்று குடைந்தது. பாதியை நாங்கள் தொடக் கூடாது என்று சட்டம் காவல் வைத்திருக்கிறது. நாங்களும் தொடாமல் பத்திரமாகப் பேங்குக்கு அனுப்புகிறோம். அதை வேறொருவர் முழுசாக எடுத்துக்கொண்டு போகிறார். இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? அன்றிரவு சாப்பிடும்போது வாப்பாவிடம் கேட்டேன். அவருக்கு வசூல் தெரியும். அவர் சைக்கிள் மணியைக் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போன வாடிக்கையாளர்களையும் தெரியும்.

"ஆளே போகாம எப்படிம்மா வசூலாகும்?" என்றார் வாப்பா.

"தானாப் போயிரும் வாப்பா. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க."

"அப்ப அவங்க, 'அடுத்த வாரம் வாங்க பாய்'ன்னு யாருட்ட சொல்லுவாங்க?"

யாரிடமும் சொல்ல முடியாது என்றேன். அவர் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார். "நல்ல யாவாரம்தான்," என்றார் கடைசியில். பாராட்டினாரா, திட்டினாரா என்று தெரியவில்லை.

சம்பளத்துக்கு முந்தின நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவோடு தோப்பும்படியில் உள்ள அவருடைய பேங்குக்குப் போனேன். அங்கிருந்த மேடம் பொறுமைசாலி. அக்காவின் பாஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "ஞங்கள் எடுக்குந்நதல்ல சேச்சி. சேச்சி ஒப்பிட்டுக் கொடுத்ததா," என்றார். நாங்கள் எடுக்கவில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான் என்று.

நான் என் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். சம்பளத்தில் பாதியைத் தொடக் கூடாதே, மேடம்?

"அது கம்பெனிக்கு உள்ளது, மோளே. கம்பெனி சம்பளத்தில் நின்னு பிடிக்குந்நதுக்கு. இவிட வந்நு வீணால் அது சம்பளமல்ல. பேலன்ஸ் ஆணு."

அந்தச் சட்டம் கம்பெனிக்கு மட்டும்; இங்கே வந்து விழுந்துவிட்டால் அது சம்பளம் இல்லை, பேலன்ஸ். அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது சாதாரண விஷயம். எனக்கு இல்லை. அதே பணம். அதே ரஸ்க் அடுக்கிய கைக்குக் கிடைத்தது. எங்கள் கணினியில் இருக்கும்வரை அதற்கு ஒரு பெயர், அதனால் ஒரு காவல். இன்னொரு கணினிக்குப் போனதும் வேறு பெயர், காவல் போய்விட்டது. இடையில் அந்தப் பணத்துக்கு என்ன ஆனது? அதற்கு ஒன்றும் ஆகவில்லை. யார் கையில் இருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் மாறியது. முதலாளி எடுத்தால் சட்டம் பார்க்கும். அக்காவே எடுத்துக் கொடுப்பதாகக் கணக்கு வைத்தால் அதற்குப் பார்க்க ஒன்றுமில்லை.

"நிறுத்த முடியுமா?" என்று கேட்டார் அக்கா.

முடியும் என்றார் மேடம். எழுதிக் கொடுத்தால் தானாகப் போவதை நிறுத்துவார்கள். ஆனால் சில வேலை நாட்கள் ஆகும், நாளைக்குள் நடக்காது. நின்றாலும் கடன் நிற்காது, அபராதம் ஏறும், கடன்காரர்களிடம் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும்.

"தர மாட்டேன்னு நான் சொல்லலியே மேடம். மொதல்ல வீடு. பெறவு ஃப்ரீசர். இந்த வரிசையை நான்தான முடிவு பண்ணணும்?"

அங்கேயே எழுதிக் கொடுத்தோம். அக்கா சொல்ல, நான் எழுத, அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது துறைமுகப் பக்கமிருந்து மீன் வாடை அடித்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் விழுமே பாப்பா. காலையில போயிருமே."

பேருந்தில் வரும்போது மறுபடி போனில் தேடினேன். இந்த முறை வேறு பக்கம்: சம்பளத்தை எப்படிக் கொடுக்க வேண்டும்? ரூபாய் நோட்டாக, செக்காக, அல்லது பேங்கில் போட்டு. மூன்றும் அங்கே வரிசையாக எழுதியிருந்தன. பேங்கில் போடுவது மட்டுமே வழி என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம், வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து அதை மட்டுமே செய்துவந்ததுதான்.

மேனேஜரிடம் ஓடினேன். சம்பளப் பட்டியல் இன்னும் பேங்குக்குப் போகவில்லை. அக்கா பெயரை மட்டும் எடுத்துவிட்டு அவருக்குச் செக் கொடுக்கலாம். கம்பெனி பேங்கிலேயே மாற்றிக்கொள்வார் என்றேன்.

"ஆடிட்டர் கேட்டால்?"

"சட்டத்துல இருக்கு சார்." போனை நீட்டினேன்.

அவர் படிக்கவில்லை. "ஒருத்தர்க்குக் கொடுத்தால் எல்லாரும் வரும்."

"வந்தா வரட்டும் சார். அதுக்குள்ள வேற பேங்குல கணக்கு தொடங்கச் சொல்லிடலாம். இது ஒரு மாசத்துக்குத்தான்."

"நீ வக்கீலோ, அக்கவுண்டன்டோ?"

"ரெண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுத்தா ரெண்டும் சார்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொண்டது அதற்காக இல்லை. நோன்பு மாதத்து ஆர்டர் வரப்போகும் நேரம். அக்காவைப் போல வேகமாக அடுக்க அங்கே ஆளில்லை. வீடு போனால் அவர் ஊருக்குப் போய்விடுவார். "சரி, எழுது. தவணை பிடிச்சிட்டு மீதிக்கு எழுது," என்றார். பிடித்தம் எல்லாம் பாதிக்குள் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, மீதிக்குச் செக் எழுதினேன். அக்காவின் முழுப் பெயரை அதில் எழுதும்போது என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

மறுநாள் பேங்கில் பணத்தை வாங்கிய கையோடு அவர் என்னை விடவில்லை. "நீயும் வா. ஆபீஸ்காரி வந்தாத்தான் இத்தா நம்பும்."

வீட்டுக்கார இத்தாவின் வீடு முன்பக்கம். அக்காவின் அறை அதே கட்டிடத்தின் பின்பக்கம். இத்தா மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். மலையாளத்தையும் எங்கள் தமிழையும் சேர்த்துத்தான் பேசுவார். அக்கா கொடுத்த நோட்டுகளை வாங்கி, எண்ணாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ ரஸ்க் கம்பெனியில உள்ள குட்டியல்லே?"

"ஆமா இத்தா."

"அப்ப ஒரு காரியம் செய்யி. இவளோட வாடகையை மாசாமாசம் நீயே அங்க பிடிச்சு எனக்குக் கொடுத்திரு. எனக்கும் நடக்க வேண்டாம், இவளுக்கும் ஒளிய வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். அது முடியாது இத்தா, எதை எதைப் பிடிக்கலாம் என்று கணக்கு இருக்கிறது, வெளி வீட்டு வாடகை அதில் வராது என்று விளக்க ஆரம்பித்தேன். அக்கா குறுக்கே வந்துவிட்டார்.

"இத்தா, பாதிதான் அவங்க பிடிக்கலாம். மீதிப் பாதியை எவனும் தொடக் கூடாது, தெரியுமா? அது எங்கைக்குத்தான் வரணும். வாடகையை அதுல இருந்து நான் தருவேன்."

"எவனும் தொடக் கூடாதோ?"

"கூடாது."

"ஞான் தொடலாமோ?"

"நான் தந்தாத் தொடலாம்."

இத்தா நோட்டுகளைப் பார்த்தார். இரண்டு மாதப் பாக்கி அதில் இருந்தது. இந்த மாதத்து வாடகை இல்லை. மீதியில் அரிசியும் பள்ளிக்கூட வேன் பணமும், ஃப்ரீசர் கடன்காரர்கள் முன்னால் போய் உட்கார ஒரு சிறு தொகையும் எடுத்து வைத்திருப்பதாக அக்கா வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். அதை இத்தாவிடமும் ஒளிக்காமல் சொன்னார். இந்த மாதத்து வாடகையை அடுத்த சம்பளத்தில் சேர்த்துத் தருகிறேன், புதுக் கணக்குக்கு வரும், விடிவதற்குள் காணாமல் போகாது என்றார்.

"உள்ளதா மோளே?" என்று, உண்மைதானா என என்னைக் கேட்டார் இத்தா.

கம்பெனி என்ன செய்யும், பேங்க் என்ன செய்யும் என்பதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். அதைச் சொன்னேன். அக்கா என்ன செய்வார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

இத்தா நோட்டுகளை மடியில் செருகிக்கொண்டார். பிறகு போனை எடுத்து யாரையோ அழைத்தார். பின்பக்கத்து அறையைப் பார்த்துவிட்டுப் போன குடும்பம் அது என்று பேச்சில் இருந்து தெரிந்தது. அறை ஒழியவில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுமுனையில் ஏதோ கோபமாகக் கேட்டார்கள். "இவிட ஆளுண்டு," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அக்கா பின்பக்கம் திரும்பினார். இத்தா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏய், அந்த ஃப்ரீசர் சும்மாதானே கெடக்கு? என் மீனை அதுல வைக்கலாமோ?"

"வாடகை உண்டு இத்தா," என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.